வண்ணமகள் முதல் கைப்பேசி வரை
ஒப்பனைக் கலைஞர் பெயர் பெற்ற வரலாறு

ஜொகூர் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில் அமைந்துள்ள கெலாங் பாத்தா, அணிகலன் ஒன்றின் பெயரைத் தாங்கிய ஊராகும். மலாய் மொழியில் ‘கெலாங்’ என்பது வளையலைக் குறிக்கும். ‘பாத்தா’ என்பது முறிந்த நிலையைக் குறிக்கும். முறிந்த வளையல் என்பதே ஊர்ப்பெயரின் நேர்ப்பொருள். வளையல் முறிந்தாலும் பொன் எஞ்சி நிற்கும். அதனை உருக்கி வேறோர் அணி செய்துகொள்ளலாம். ஆனால், வளையல் அணிந்த கைக்கும் பொட்டிட்ட முகத்துக்கும் அழகூட்டிய ஒப்பனையோ அன்று மாலையே நீரில் கரைந்துவிடும்.

கலைகளுள் ஒப்பனைக் கலைக்கு உரிய தனித்தன்மையும் தனித்துயரும் இதுவே. சிற்பியின் உழைப்பு கல்லில் நிற்கிறது. ஓவியனின் உழைப்பு சுவரில் நிற்கிறது. புலவனின் உழைப்பு ஏட்டில் நிற்கிறது. ஒப்பனைக் கலைஞரின் உழைப்பு மட்டும் பிறர் முகத்தில் பிறந்து, பிறர் பெயரால் பாராட்டப்பெற்று, சில மணி நேரத்தில் மறைந்து போகிறது. ‘மணப்பெண் அழகாக இருக்கிறாள்’ என்று ஊர் சொல்லும். அவ்வழகுக்குப் பின்னால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உழைத்த கைகளை எண்ணுவார் அரியர்.

இக்காலத்தில் கெலாங் பாத்தாவிலும் அதனைச் சூழ்ந்த தாமான்களிலும் ஒப்பனைத் தொழில் செய்யும் பெண்கள் தம் கைவண்ணத்தைச் சமூக ஊடகங்கள் வழியே உலகுக்கு அறிவிக்கின்றனர். இதனை வெறும் விளம்பர மோகம் என ஒதுக்குவது எளிது. ஆயின், வரலாற்றின் நெடிய வழியில் வைத்து நோக்குமிடத்து, பெயரற்றிருந்த ஒரு தொழிலினர் தம் பெயரைத் தாமே எழுதிக்கொள்ளும் உரிமை பெற்ற கதையாகவே இது தோன்றும். அக்கதையையும், அவ்வுரிமை இன்று எதிர்கொள்ளும் இடர்களையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழ் மரபில் ஒப்பனை

ஆயகலைகள் அறுபத்து நான்கு என்று எண்ணிய முன்னோர் ஒப்பனையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். மகளிர்க்கு ஒப்பனை செய்யும் பெண்ணை ‘வண்ணமகள்’ எனப் பழந்தமிழ் குறித்தது. தொழிலுக்கெனத் தனிச்சொல் இருந்தது என்பதே அத்தொழில் தமிழரிடையே வேரூன்றியிருந்தது என்பதற்குச் சான்றாகும்.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் ஒப்பனை விரிவாகக் கூறப்படுகிறது. பத்து வகைத் துவரும், ஐந்து வகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் அவள் கூந்தலை நனைத்து நீராடுகிறாள். பின்னர்க் கால்விரல் முதல் தலைக்கோலம் வரை அணிகள் ஒவ்வொன்றாக வரிசை பிறழாமல் சொல்லப்படுகின்றன. சீவக சிந்தாமணியிலும் மணமகள் இலக்கணையின் திருமண ஒப்பனை நயம்படப் பாடப்பெற்றுள்ளது. ஒப்பனைப் பொருள்களைப் பற்றியும் அவற்றைக் கையாளும் முறையைப் பற்றியும் அக்காலத் தமிழர்க்கு இருந்த நுண்ணறிவை இப்பகுதிகள் காட்டுகின்றன.

எனினும் ஒன்றைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும். கடலாடு காதை துவரின் எண்ணிக்கையைச் சொல்கிறது. விரையின் எண்ணிக்கையைச் சொல்கிறது. அணிகளின் பெயர்களை நிரல்படச் சொல்கிறது. அத்துவரை அளந்து, அவ்விரையை அரைத்து, அக்கூந்தலை உலர்த்திய கைகள் யாருடையவை என்று மட்டும் சொல்லவில்லை. பொருளுக்குப் பெயர் உண்டு. அணிந்தவளுக்குப் பெயர் உண்டு. பணி செய்தவளுக்குப் பெயர் இல்லை. காவியத்தில் தொடங்கிய இம்மௌனம் பல நூற்றாண்டுகள் நீடித்தது.

அரிதாரமும் துண்டு விளம்பரமும்

கூத்துக் கலையில் ஒப்பனை வேறொரு பணியை மேற்கொண்டது. அங்கே அது அழகுக்காக மட்டும் அமையவில்லை. பாத்திரத்தை அறிவிக்கும் மொழியாகவும் அமைந்தது. விளக்கொளியில் நெடுந்தொலைவில் அமர்ந்திருக்கும் ஊரார், முகத்தின் நிறத்தைக் கண்ட அளவிலேயே வருபவன் வீரனா, கொடியவனா, தெய்வமா என்று அறிந்துகொண்டனர். அரிதாரம், முத்துவெள்ளை, செந்தூரம், கரி ஆகியவை கூத்தரின் வண்ணங்கள். அவற்றுள் அரிதாரம் என்னும் மஞ்சள் நிறக் கனிமம் மேடைக் கலைக்கே ஆகுபெயராயிற்று. ‘அரிதாரம் பூசியவர்’ என்றால் நடிகர் என்பது பொருள். அப்பொருள் நஞ்சுத் தன்மை கொண்ட சேர்மம் என்பதைப் பிற்கால அறிவியல் உணர்த்தியது. அழகின் பொருட்டு உடல் கொடுத்த விலை அக்காலத்தில் எவராலும் கணக்கிடப்படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் நாடகம் புத்துருப் பெற்றது. பம்மல் சம்பந்த முதலியார் 1891ஆம் ஆண்டு சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். சங்கரதாசு சுவாமிகள் 1918ஆம் ஆண்டு சிறுவர்களைக் கொண்ட நாடக சபையை அமைத்தார். தமிழகத்து நாடகக் குழுவினர் கப்பலேறிப் பினாங்கு, சிங்கப்பூர் முதலிய நகரங்களுக்கும் வந்து நாடகம் நடத்தினர். அவர்கள் வருகையைத் தெருத்தெருவாக அறிவித்தவை துண்டு விளம்பரங்களும் சுவரொட்டிகளும் ஆகும்.

அச்சுப் பொறியின் வருகை மேடைக் கலைஞர் பலருக்குப் பெயர் தந்தது. ராஜபார்ட்டின் பெயர் பெரிய எழுத்தில் அச்சாயிற்று. ஸ்திரீபார்ட்டின் பெயர் அடுத்து வந்தது. ஆர்மோனியம் வாசிப்பவர் பெயரும் இடம்பெற்றது. ஆணைப் பெண்ணாக்கி, இளைஞனை முதியவனாக்கிய ஒப்பனையாளரின் பெயருக்கு அத்தாளில் இடம் கிடைப்பது அரிதாயிற்று. விளம்பரம் என்னும் கருவி தோன்றிவிட்டது. ஆனால் அது ஒப்பனையாளரின் கையில் இல்லை.

தோட்டத்து மணப்பெண்ணும் மாக் அண்டாமும்

மேடை ஒப்பனை ஒருபுறமிருக்க, மலாயாத் தமிழரின் அன்றாட வாழ்வில் ஒப்பனை திருமணத்தோடு இணைந்தே நின்றது. இரப்பர்த் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் மணப்பெண்ணை அலங்கரிக்கும் பொறுப்பு உறவுக்காரப் பெண்களையே சார்ந்தது. அத்தையோ, சின்னம்மாவோ, கைப்பக்குவம் மிக்க அண்டை வீட்டு அக்காளோ விடியுமுன் வந்து தலைவாரிப் பூச்சூட்டி, மையிட்டுப் பொட்டு வைத்துப் புடவை கட்டிவிடுவர். மஞ்சள், குங்குமம், மல்லிகைச் சரம், ஒரு டப்பா முகப்பவுடர் ஆகியவையே அவர்களின் கருவிகள். கூலி என்று ஒன்றும் பேசப்படுவதில்லை. வெற்றிலை பாக்கும், சில வேளைகளில் ஒரு புடவையும் வைத்துக் கொடுப்பது மரபு.

மலாய்ச் சமூகத்தில் இப்பணிக்கெனத் தனியே ஒருவர் உண்டு. அவரை ‘மாக் அண்டாம்’ என்பர். மணப்பெண்ணின் நெற்றியோர மயிரை ஒழுங்கு செய்வது முதல், ஆடை அணிகளைப் பூட்டி மணவறையில் அமர்த்துவது வரை யாவும் அவர் பொறுப்பு. சடங்கறிவும் ஒப்பனைத் திறனும் ஒருங்கே பெற்ற அவருக்குக் கம்பத்தில் தனி மதிப்பு இருந்தது. தமிழ்த் தோட்டமும் மலாய்க் கம்பமும் அருகருகே அமைந்த ஜொகூரில், இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று அறிந்தே வளர்ந்தன.

தோட்டத்து அக்காளுக்கும் கம்பத்து மாக் அண்டாமுக்கும் விளம்பரப் பலகை இல்லை. திருமணத்துக்கு வந்த பெண்கள் ஒருவரையொருவர் கேட்கும் ஒரு கேள்வியே அவர்களின் விளம்பரம்: ‘பெண்ணை அலங்கரித்தது யார்?’ அக்கேள்விக்குக் கிடைத்த விடை வாய்வழியே அடுத்த வீட்டுக்கும் அடுத்த தோட்டத்துக்கும் சென்றது. ஆயின் வாய்மொழியின் எல்லை குறுகியது. பேருந்து செல்லும் தொலைவே அதன் உலகம். அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. வாய்மொழியில் பரவும் புகழுக்கு ஊதியம் கேட்கும் வலிமை இல்லை. உறவின் பெயரால் செய்யப்படும் பணிக்கு விலை சொல்லப் பெண்கள் நாணினர். கேட்டால் பேராசை எனப் பழிக்கப்படுவர் என்று அஞ்சினர். உழைப்பு தொழிலாக மதிக்கப்படாமைக்கு இந்நாணமும் அச்சமுமே பெருங்காரணங்களாயின.

பின்னர் நகரங்களில் அழகு நிலையங்கள் தோன்றின. கடைத்தெருவில் பெயர்ப்பலகை தொங்கிற்று. கடை வாடகையும் நாற்காலியும் கண்ணாடியும் வாங்க முதல் உடையோரே அவ்வழியில் செல்ல முடிந்தது. தோட்டத்து வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த திறமைசாலிப் பெண்ணுக்கு அக்கதவும் திறக்கவில்லை.

திரைப்படம் தந்த புகழும் மறுத்த உரிமையும்

ஒப்பனைக்கு உலகப்புகழ் தேடித் தந்தது திரைப்படமே ஆகும். போலந்து நாட்டில் பிறந்து 1904ஆம் ஆண்டு அமெரிக்காவில் குடியேறிய மேக்ஸ் ஃபாக்டர், நாடகத்துக்குரிய தடித்த பூச்சு திரைப்படக் கருவியின் முன் வெடித்துக் கீறல் விடுவதைக் கண்டார். 1914ஆம் ஆண்டு மெல்லிய, நெகிழ்வான பூச்சை உருவாக்கினார். வண்ணப் படங்கள் தோன்றியபோது அவர் நிறுவனம் ஆக்கிய ‘பான்கேக்’ என்னும் பூச்சு, 1930களின் இறுதியில் கடைகளுக்கு வந்து உலகெங்கும் பரவியது. தமிழ் நாடக மேடையிலும் நாட்டிய மேடையிலும் அச்சொல் இன்றும் வழங்குகிறது.

மேக்ஸ் ஃபாக்டரின் வெற்றியில் ஒப்பனையறிவுக்கு எவ்வளவு பங்கோ, விளம்பர அறிவுக்கும் அவ்வளவு பங்கு உண்டு. திரை நடிகையரின் படங்களோடு அவர் பொருள்கள் விளம்பரமாயின. நடிகையின் முகமே ஒப்பனையாளரின் பெயர்ப்பலகையாயிற்று. இன்று சமூக ஊடகத்தில் நிகழும் விளம்பரத்தின் வித்து இங்கேதான் ஊன்றப்பட்டது எனலாம். இந்தியாவில் 1952ஆம் ஆண்டு டாட்டா குழுமம் தொடங்கிய லக்மே நிறுவனமும் உள்நாட்டு ஒப்பனைப் பொருள்களை இதே நெறியில் பரப்பியது. இலக்குமி என்னும் பெயரின் பிரெஞ்சு வடிவமே லக்மே.

பொருளுக்குப் புகழ் வந்த அளவு, பணியாளருக்கு வந்ததா என வினவுதல் வேண்டும். தமிழ்ப்படங்களின் தொடக்கத்தில் ‘ஒப்பனை’ என்ற தலைப்பின்கீழ்ப் பெயர் காட்டப்பட்டது. எம்.ஜி.ஆரின் ஒப்பனையாளராக விளங்கிய பீதாம்பரம் போன்றோரைத் திரையுலகம் அறிந்திருந்தது. ஆனால் அப்பெயர் திரையில் நின்றது சில நொடிகளே. ஆஸ்கார் விருது வழங்கும் விழா 1929ஆம் ஆண்டு தொடங்கியபோதிலும், ஒப்பனைக்கென ஆண்டுதோறும் வழங்கும் தனி விருது 1981ஆம் ஆண்டுப் படங்களுக்கே முதன்முதலாக வழங்கப்பட்டது. அதனை வென்றவர் ரிக் பேக்கர். இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகள் 1954ஆம் ஆண்டு தொடங்கின. அவற்றுள் ஒப்பனைக்கு இடம் கிடைத்தது 2006ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இரு நாட்டுச் சான்றோர் மன்றங்களும் கண்முன் இருந்த கலையைக் காணாதிருந்தன.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்தியத் திரைப்படத் துறையில் பெண்கள் ஒப்பனைத் தூரிகையைத் தொடவே கூடாது என்னும் விதி பல்லாண்டுகள் நடப்பில் இருந்தது. பெண்கள் கூந்தல் அலங்காரம் செய்யலாம். முக ஒப்பனை ஆண்களுக்கே உரியது என மும்பைத் தொழிற்சங்கம் வரையறுத்திருந்தது. ஆண்களின் பிழைப்பைக் காப்பதற்கே அவ்விதி எனக் காரணமும் கூறப்பட்டது. அமெரிக்காவில் ஒப்பனைக் கலை பயின்று வந்த சாரு குரானாவின் உறுப்பினர் விண்ணப்பத்தை 2009ஆம் ஆண்டு அச்சங்கம் மறுத்தது. அவரும் வேறு சில பெண்களும் இந்திய உச்ச நீதிமன்றத்தை நாடினர். நீதியரசர்கள் தீபக் மிஸ்ராவும் உதய் உமேஷ் லலித்தும் அவ்வழக்கை விசாரித்தனர். 2014ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், பெண் என்ற காரணத்தால் ஒருவருக்கு அத்தொழிலை மறுப்பது அரசியலமைப்புக்கு முரணானது என நீதிமன்றம் தீர்ப்பளித்து அவ்விதியை நீக்கியது.

தீர்ப்பு வந்த ஆண்டைக் கருதினால் வியப்பு மேலிடும். வண்ணமகள் என்று பெண்ணையே இத்தொழிலுக்கு உரியவளாகச் சொல் வகுத்த மண்ணின் திரையுலகில், அப்பெண் சட்டத்தின் துணையோடு உள்ளே நுழைய 2014ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

கைப்பேசி தந்த கடைவீதி

நீதிமன்றக் கதவு திறப்பதற்கு முன்பே வேறொரு கதவு திறந்துவிட்டது. 2005ஆம் ஆண்டு யூடியூப் தொடங்கப்பெற்றது. 2007ஆம் ஆண்டு மிஷல் பான் என்னும் வியட்நாமிய அமெரிக்க இளம்பெண் ஒப்பனை கற்பிக்கும் காணொலிகளை அதில் வெளியிடலானார். படப்பிடிப்புத் தளமோ, நிறுவனத்தின் ஆதரவோ இல்லாத ஒருவர், தம் அறையில் அமர்ந்தவாறே உலகெங்கும் மாணவியரைப் பெற்றார். 2010ஆம் ஆண்டு அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தோன்றியது. எழுத்தினும் படத்துக்கே முதலிடம் தரும் அந்த ஊடகம், ஒப்பனைக் கலைஞருக்கென்றே அமைந்த காட்சிக்கூடம் போலாயிற்று. அந்நிறுவனத்தை 2012ஆம் ஆண்டு முகநூல் நிறுவனம் வாங்கியது.

தமிழ்ப் பெண்களுக்கு இம்மாற்றம் மற்றொரு வகையில் பயன்பட்டது. கடைகளில் கிடைத்த பூச்சுகள் நெடுங்காலம் வெண்ணிற முகங்களை எண்ணியே ஆக்கப்பட்டன. கருநிற முகத்திலும் மாநிற முகத்திலும் அவற்றைப் பூசினால் சாம்பல் பூத்தாற்போல் தோன்றும். 1975ஆம் ஆண்டு இந்தியாவில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் களிம்பு விற்பனைக்கு வந்து, வெண்மையே அழகு என்னும் எண்ணத்தை வீடுதோறும் விதைத்தது. பெயரிலிருந்த வெண்மையைக் குறிக்கும் சொல்லை அந்நிறுவனம் 2020ஆம் ஆண்டுதான் நீக்கியது.

இந்நிலையை உடைத்ததில் சமூக ஊடகங்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 2015ஆம் ஆண்டு தீபிகா முத்தியாலா என்னும் இந்திய வம்சாவளி அமெரிக்கர், கண்ணடியில் படரும் கருவளையத்தின் மேல் முதலில் சிவப்பு உதட்டுச்சாயத்தைத் தடவிப் பின்னர்த் தோல்நிறப் பூச்சால் மூடும் முறையை ஒரு காணொலியில் காட்டினார். கருமையில் கலந்த நீலச்சாயலைச் செம்மை அடக்கும் என்பதே அதன் உட்பொருள். பழுப்பு நிறத் தோலுடைய பெண்கள் உலகெங்கிலும் அக்காணொலியைக் கண்டு மகிழ்ந்தனர். 2017ஆம் ஆண்டு பாடகி ரிஹானாவின் ‘ஃபென்டி’ நிறுவனம் நாற்பது நிறச்சாயல்களில் அடிப்பூச்சை வெளியிட்டது. தம் நிறத்துக்கும் ஒரு பூச்சு உண்டு என்பதைக் கருநிறப் பெண்கள் தம் படங்களாலேயே பறைசாற்றினர். வெண்மையாக்குவதே ஒப்பனை என்ற நிலை தளர்ந்து, உள்ள நிறத்தை ஒளிரச் செய்வதே ஒப்பனை என்ற கருத்து வலுப்பெற்றது.

சமூக ஊடக விளம்பரத்தின் செயல்முறையையும் ஈண்டு அறிதல் தகும். ஒப்பனைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை அருகருகே வைப்பது முதல் உத்தி. ஊர்ப்பெயரையும் சடங்கின் பெயரையும் குறிச்சொற்களாக இணைப்பது அடுத்தது. ‘கெலாங் பாத்தா’, ‘ஜொகூர் பாரு’, ‘மணப்பெண் ஒப்பனை’ ஆகிய சொற்களைத் தேடுவோர் கண்ணில் அப்படம் படும். மூன்றாவது உத்தியே வரலாற்று நோக்கில் முதன்மையானது. ஒரு திருமணப் படத்தை வெளியிடும்போது நிழற்படக்காரர், பூ அலங்காரம் செய்தவர், புடவை கட்டிவிட்டவர், மருதாணி இட்டவர், முக ஒப்பனை செய்தவர் என அனைவர் பெயரையும் ஒருவர்க்கொருவர் சுட்டிக் காட்டுகின்றனர். திரைப்படத்தில் சில நொடிகள் மின்னி மறைந்த பெயர், இங்கே படம் உள்ளவரை அதனோடு இணைந்து நிற்கிறது. ‘பெண்ணை அலங்கரித்தது யார்?’ என்று தோட்டத்துத் திருமணத்தில் எழுந்த பழைய கேள்விக்குக் கேட்குமுன்பே விடை எழுதப்பட்டுவிடுகிறது.

பாலத்தின் இம்முனை

இப்பொது வரலாறு கெலாங் பாத்தாவில் தனி உருவம் பெற்றதற்கு அவ்வூரின் அமைவிடமே காரணமாகும். மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் இரண்டாம் பாலம் 1998ஆம் ஆண்டு சனவரியில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அப்பாலத்தின் மலேசிய முனை கெலாங் பாத்தாவை ஒட்டிய தஞ்சோங் கூப்பாங். மறுமுனை சிங்கப்பூரின் துவாஸ். அதுவரை மீனவர் கம்பங்களும் தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இடம், இரு நாடுகளின் வாயிற்படியாயிற்று.

அடுத்த ஆண்டுகளில் தஞ்சோங் பெலபாஸ் துறைமுகம் எழுந்தது. 2006ஆம் ஆண்டு இஸ்கந்தர் வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டு மாநில ஆட்சியின் புதிய தலைமையகமான கோத்தா இஸ்கந்தர் திறக்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு லெகோலாண்ட் பூங்கா வந்தது. அதனைத் தொடர்ந்து பைன்வுட் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் பெயரால் பெரும் படப்பிடிப்பு வளாகம் ஒன்றும் அவ்வட்டாரத்திலேயே எழுந்தது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘மார்கோ போலோ’ தொடரின் காட்சிகள் அங்கே படமாக்கப்பட்டன. உலகத்தரமான திரை ஒப்பனை, செம்பனை மரங்கள் நின்ற மண்ணுக்கே வந்து சேர்ந்தது.

தோட்டங்கள் குறைந்தன, தாமான்கள் பெருகின. தோட்டத்து வரிசை வீடுகளை விட்டு வந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறைப் பெண்களுள் பலர் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். சிலர் நாள்தோறும் பாலம் கடந்தனர். குழந்தைகளையும் முதியோரையும் விட்டு நீங்க இயலாதோர்க்கு வீட்டிலிருந்தே செய்யத்தக்க தொழில் தேவைப்பட்டது. அத்தேவையும் கைப்பேசியும் சந்தித்த இடத்தில் ஒப்பனைத் தொழில் புதுவாழ்வு பெற்றது. கடை வாடகை வேண்டா, பெயர்ப்பலகை வேண்டா. ஓர் ஒப்பனைப் பெட்டியும், நல்ல வெளிச்சமும், பொறுமையும், கைப்பேசியும் போதும். பாலத்துக்கு அப்பால் உள்ள மணப்பெண்ணும் படத்தைக் கண்டு, புலனம் எனப்படும் வாட்ஸ்ஆப் வழியே விலை கேட்டு, நாள் குறித்து, முன்பணம் அனுப்ப வழி பிறந்தது. சிங்கப்பூர் வெள்ளியின் மதிப்பு உயர்ந்து நின்றமையால், பாலத்துக்கு இப்பால் உள்ள ஒப்பனைக் கலைஞரின் கட்டணம் அப்பால் உள்ளோர்க்கு மலிவாகவும், பெறுவோர்க்கு நிறைவாகவும் அமைந்தது.

இவ்வாழ்வுக்குப் பெருஞ்சோதனை 2020ஆம் ஆண்டு வந்தது. மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. திருமணங்கள் நின்றன, கோயில்கள் மூடப்பட்டன, பாலம் வெறிச்சோடிக் கிடந்தது. பிறர் முகத்தைத் தொட்டே செய்யவேண்டிய தொழில், தொடுதலே தடை செய்யப்பட்ட காலத்தில் என்ன செய்யும்? ஒப்பனைக் கலைஞர் பலர் தம் முகத்தையே திரையாக்கிக்கொண்டனர். நேரலையில் வகுப்பு நடத்தினர். தாமே மணப்பெண்ணாகும் எளிய முறைகளைக் கற்பித்தனர். நில எல்லை 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முழுமையாகத் திறக்கப்பட்டது. ஈராண்டுகளாகக் கடக்க முடியாதிருந்த பாலத்தைப் படங்கள் மட்டும் தடையின்றிக் கடந்துகொண்டிருந்தன. வாடிக்கையாளர் மீண்டும் வந்தபோது கலைஞரின் பெயர் மறக்கப்படாதிருந்ததற்கு அப்படங்களே காரணம்.

புதிய கட்டுகள்

எனினும் புதிய ஊடகம் நன்மையே தருவது என்று எண்ணிவிடுதல் கூடாது. பழைய கட்டுகள் அவிழ்ந்த இடத்தில் புதிய கட்டுகள் விழுந்துள்ளன.

முதலாவது, கடை தம்முடையது போலத் தோன்றினும் நிலம் தம்முடையதன்று. 2016ஆம் ஆண்டு வரை இன்ஸ்டாகிராமில் படங்கள் கால வரிசையில் தோன்றின. அதன்பின் எப்படம் யாருக்கு முதலில் தோன்றவேண்டும் என்பதைக் கணினியின் கணிப்பே முடிவு செய்யலாயிற்று. 2020ஆம் ஆண்டு குறுங்காணொலி வசதி வந்தபின், படம் மட்டும் வெளியிட்டோர் பின்தங்கினர். தூரிகை பிடிக்கத் தெரிந்தவர் காணொலி தொகுக்கவும் கற்றாக வேண்டியதாயிற்று. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் முகநூலும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்ஆப்பும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. மலேசியாவில் அது நள்ளிரவை ஒட்டித் தொடங்கி விடியற்காலை வரை நீடித்தது. அதிகாலைத் திருமணத்துக்கு முகவரியும் நேரமும் அதன் வழியே பெறவேண்டியிருந்தோர்க்கு அவ்விரவு ஒரு பாடமாகும். வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் தனியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழைய பழக்கத்தின் அருமை அன்று விளங்கிற்று.

இரண்டாவது, மெய்யும் பொய்யும் கலக்கும் இடர். தூரிகை செய்யாததைக் கைப்பேசியின் வடிப்பான் செய்துவிடுகிறது. பருவும் தழும்பும் கணப்பொழுதில் மறைகின்றன, நிறமும் வெளுக்கிறது. அதனைக் கண்டு வரும் மணப்பெண் கண்ணாடியில் வேறொரு முகத்தைக் கண்டு ஏமாறுகிறாள். 2021ஆம் ஆண்டு பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, அழகுப்பொருளின் பயனை மிகைப்படுத்தும் வடிப்பான்களை விளம்பரங்களில் பயன்படுத்தலாகாது என்று முடிவு கூறியது. நார்வே நாடு அதே ஆண்டு சட்டம் இயற்றி, திருத்தப்பட்ட விளம்பரப் படங்களில் அவ்வுண்மையைக் குறிப்பிட வேண்டும் என 2022ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கியது. சட்டம் இருப்பினும் இல்லாவிடினும், தன் கைத்திறனை நம்பும் கலைஞர் வடிப்பானை நாடமாட்டார்.

மூன்றாவது, முகத்தின் உரிமை பற்றியது. ஒப்பனை கலைஞருடையது, முகமோ மணப்பெண்ணுடையது. ஒப்பனைக்கு முந்திய முகத்தை ஊரறியக் காட்ட எல்லாப் பெண்களும் விரும்புவதில்லை. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2013ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் சொற்களுக்கு அப்பாலும், படம் எடுக்குமுன் இசைவு கேட்பது பண்பாட்டின் கடமையாகும்.

நான்காவது, உடல்நலம். அரிதாரத்தின் நஞ்சு அறியாமையால் நேர்ந்தது. இன்று விற்கப்படும் சில வெண்மைக் களிம்புகளின் நஞ்சு பேராசையால் நேர்வது. பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த களிம்புகளின் பெயர்களைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அவ்வப்போது வெளியிட்டு எச்சரித்து வருகிறது. 1984ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு விதிகளின்கீழ் அழகுப்பொருள்கள் அந்நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட வேண்டும். சமூக ஊடகத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அறிவிக்கப்படாத பொருளை ஒரு மணப்பெண்ணின் முகத்தில் பூசுவது, நம்பிக்கைக்கு இழைக்கும் தீங்காகும்.

இவற்றோடு, வீட்டிலிருந்து செய்யும் தொழிலாயினும் 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ளுதல் நன்று. பதிவு ஒரு சுமையன்று. உறவின் பெயரால் ஊதியம் மறுக்கப்பட்ட அத்தையும் அக்காளும் பெறாத தகுதியை, அவர்களின் பேத்தி தாளில் எழுதிப் பெறும் நிகழ்ச்சி அது.

முடிவுரை

வண்ணமகளின் பெயரைக் கடலாடு காதை சொல்லவில்லை. ஒப்பனையாளரின் பெயருக்கு நாடகத் துண்டு விளம்பரம் இடம் தரத் தயங்கிற்று. தோட்டத்து அக்காளின் புகழ் அடுத்த தோட்டத்து வேலியோடு நின்றது. திரைப்படம் ஆணுக்குச் சில நொடிகள் தந்தது. பெண்ணுக்கு அதனையும் மறுத்தது. அறிவிக்கும் கருவி யார் கையில் இருந்ததோ அவரே ஒப்பனையாளரின் பெயரைப் பொறிக்கவும் மறைக்கவும் வல்லவராயிருந்தனர். சமூக ஊடகத்தின் வருகையால் அக்கருவி முதன்முறையாக ஒப்பனை செய்யும் கைக்கே வந்து சேர்ந்தது. இவ்வரலாற்றின் சாரம் இதுவே.

கருவி கைக்கு வந்ததும் பொறுப்பும் உடன்வந்தது. பொய்யான படம் ஒருநாள் புகழ் தரும். மெய்யான கைத்திறன் தலைமுறைக்கும் பெயர் தரும். இதனை மாணவர்க்கு உணர்த்துவது ஆசிரியர் கடமை. மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. தோட்டத் திருமணங்களில் மணப்பெண்களை அலங்கரித்த மூதாட்டியர் இன்னும் சிலர் வாழ்கின்றனர். அவர்கள் கையாண்ட முறைகளையும் பொருள்களையும் கேட்டெழுதி, பழைய நிழற்படங்களின் பின்புறத்தில் ‘பெண்ணை அலங்கரித்தவர் இன்னார்’ எனக் குறித்து வைத்தல் வேண்டும். ஒப்பனை நீரில் கரையும். பெயர் கரைய வேண்டுவதில்லை. முறிந்த வளையலின் பெயரை ஓர் ஊர் மறவாமல் காத்து வருமாயின், அவ்வளையலைப் பூட்டி அழகு பார்த்த கைகளின் பெயரையும் அவ்வூர் காத்தல் தகும்.